விளையாட்டில் ஆகாத போணி

கோமு,

மத்தியானம் கடை ஓய்ந்து கிடக்கிற நேரத்தில் இதை எழுதுகிறேன். உன் அப்பா சாப்பிட்டுவிட்டு லைனிங் துணிப் பேல் மேல் சாய்ந்து கண்ணை மூடியிருக்கிறார். தூங்கவில்லை. ஃபால்ஸ் அடிக்க யாராவது புடவையோடு வந்தால் உடனே எழுந்து மிஷினில் உட்கார்ந்துவிடுவார். வெளியே தகரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் மெட்ரோவுக்குத் தோண்டுகிற சத்தம். மாட வீதியிலிருந்து நம் சந்துக்குத் திரும்புகிறவர்கள் இப்போது ஒரு சுற்று சுற்றித்தான் வர வேண்டியிருக்கிறது. ஆனாலும் வருகிறார்கள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கடிதத்தைப் பிரித்ததும் நீ முதலில் தேடப்போவது அதைத்தான்.

நேற்று நீ செய்துகொண்டிருக்கிற வீடியோ விளையாட்டில், அந்தப் பெண் ஊரைவிட்டு ரயிலேறிப் போகிற பாதையை விளையாடி முடித்தேன். அதற்கு முந்தின நாள், அதற்குப் பாட்டுப் போடுகிற இம்தியாஸ் கடைக்கு வந்திருந்தான். ஸ்வீடனில் இருக்கிற ஒரு சின்னக் கம்பெனி உன்னையும் உன் விளையாட்டையும் கூப்பிட்டிருக்கிறது, இரண்டு வருஷம் அங்கேயே இருந்து முடித்து வெளியிடலாம் என்கிறார்கள், நீ இன்னும் பதில் போடவில்லை, மாதக் கடைசிக்குள் போடாவிட்டால் அந்த இடம் வேறு யாருக்காவது போய்விடும் என்று அவன்தான் சொன்னான். அவன்மேல் கோபப்படாதே. நான் கேட்ட கேள்விக்குப் பொய் சொல்லத் தெரியாமல் சொல்லிவிட்டான். என்னிடம் ஏன் மறைத்தாய் என்று கேட்க இதை எழுதவில்லை. ஏன் என்பது எனக்கு நேற்று அந்தப் பாதை முடிகிற இடத்தில் தெரிந்துவிட்டது. நேரில் சொன்னால் நீ "அம்மா, அது வெறும் கேம்" என்று சொல்லிவிட்டு அடையாற்றில் இருக்கிற உன் ரூமுக்கு பஸ் பிடித்துவிடுவாய். எழுத்தில் என்றால் நீ ஒன்றுக்கு இரண்டு தடவை படிப்பாய். சின்ன வயசிலிருந்தே நீ அப்படித்தான்.

உனக்கு நான் வாங்கித் தந்த முதல் கேம் நினைவிருக்கிறதா? அப்போது நமக்கு மயிலாப்பூர்க் கடை கிடையாது. பெரிய ஜவுளிக்கடையில் நின்று நின்று கால் வீங்கின வேலையை விட்டுவிட்டு, ரங்கநாதன் தெருவுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு காம்ப்ளக்ஸின் மாடிப்படிக்கு அடியில் ப்ளவுஸ் பிட் வைத்து விற்றுக்கொண்டிருந்தேன். படி சரிந்து இறங்குகிற இடம் அது. அந்தக் கடையில் நிமிர்ந்து நிற்க முடிந்த ஒரே ஆள் நீதான். பள்ளிக்கூடம் விட்டு வந்து துணி மடிப்புகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு "போரடிக்குது போரடிக்குது" என்று என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருப்பாய். ஒரு தீபாவளி வியாபாரம் முடிந்த கையோடு பாண்டி பஜார் நடைபாதையில் டி.வி.யில் மாட்டி விளையாடுகிற பெட்டியும் ஒரு மஞ்சள் கேசட்டும் வாங்கினேன். அட்டையில் லட்சம் கேம் என்று போட்டிருந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் நாலே நாலு கேம்தான், பேரை மட்டும் மாற்றி மாற்றி வந்துகொண்டே இருந்தது. மறுநாளே உன்னையும் இழுத்துக்கொண்டு சண்டைக்குப் போனேன்.

"ஏம்ப்பா, லட்சம் கேமுன்னு போட்டிருக்கு. உள்ள நாலுதான இருக்கு?"

"லட்சமும் உள்ள கீதுக்கா. நீ இன்னும் பாதிகூட பாக்கல. போய்ப் பொறுமையா பாரு."

"என்ன வெளையாடுதியா? நானும் கடை வச்சிருக்கேன்."

"தெரியும்க்கா, படிக்கட்டு அடியில. ஆயிரம் கலர் மேட்சிங்னு போர்டு போட்டுக்கினு கீறியே, வர்றவங்கோ எண்ணிப் பாத்துட்டா வாங்குறாங்கோ?"

அப்போது நீ என் கையைச் சுரண்டி, "வாம்மா போலாம். நாலுதான். ஆனா ஒவ்வொரு தடவையும் வேற மாதிரி போகுது" என்றாய். அந்த ஆள் சிரித்துக்கொண்டே, "பாரு, பாப்பாவுக்குப் புரியுது" என்றான். ஒரு கேம் வேற வேற மாதிரி போவதற்கு நீங்கள் 'ரூட்' என்று பேர் வைத்திருப்பதெல்லாம் எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரியும். ஆனால் ஒரே சரக்கை நாலு விதமாகக் காட்டத் தெரிந்தவள் பிழைத்துக்கொள்வாள் என்று அன்றைக்கே மனசுக்குள் குறித்துக்கொண்டேன்.

இப்போது சொந்தக்காரர்கள் கேட்பதும் உனக்குத் தெரியும். திருநெல்வேலியிலிருந்து உன் பெரியத்தை போன் போட்டால் முதல் கேள்வி, "கோமதி என்ன செய்யா?" வீடியோ கேம் செய்கிறாள் என்றால், "இன்னுமா வெளையாடிக்கிட்டு கெடக்கா? கல்யாணம் காட்சி ஒண்ணும் இல்லையா?" நான் முன்பெல்லாம் கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லி மழுப்பிவிடுவேன். உன் விளையாட்டை விளையாடிப் பார்த்த பிறகு மழுப்புவதில்லை. "அவ ஒரு ஊரையே கட்டிக்கிட்டு இருக்கா மதினி. அதுல உங்களையும் போடட்டுமான்னு கேக்கா" என்றேன். அதோடு போனை வைத்துவிட்டார்.

விளையாட்டைப் போட்டு டேப்லெட்டைக் கொடுத்து, "எங்கயாவது நின்னு போச்சுன்னா சொல்லுங்க" என்று நீ சொல்லிவிட்டுப் போன அன்று நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்து முழித்தோம். அப்புறம் மத்தியானத்துக்கு மத்தியானம் ஆளுக்குக் கொஞ்ச நேரம் என்று பழகிவிட்டது. உன் கதை எனக்குப் பிடித்திருந்தது, கோமு. குளத்தைச் சுற்றி நாலு வீதி. வீதிக்கு அடியில் ஒரு பெரிய மண்புழு குடைந்துகொண்டே போகிறது. அது போகிற வழியெல்லாம் மேலே ஊரில் ஒவ்வொரு நிறமாக வெளுத்துப் போகிறது. கையில் ஒரு துணிக் கிழிசலை வைத்துக்கொண்டு அந்தப் பெண் ஒவ்வொருவருக்கும் தொலைந்துபோன நிறத்தைத் தேடிக் கொடுக்கிறாள். கத்தி இல்லை, துப்பாக்கி இல்லை. வெளுத்துப் போய் வெறி பிடித்து வருகிறவர்களுக்குச் சரியான துணியைக் காட்டினால் அடங்கிவிடுகிறார்கள். நம் தொழிலை வைத்து ஒருத்தி சண்டைக் காட்சி எழுதுவாள் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. விளையாட்டுக்குப் பேரும் 'போணி'. அன்றைய முதல் வியாபாரம் நடந்தால்தான் அந்த ஊரில் ஒரு நாள் விடியும் என்று வைத்திருக்கிறாய். முதல் ஆள் கொடுத்த காசைக் கடைக்காரம்மா கண்ணில் ஒற்றிக் கத்திரிமேல் தொட்டு வைக்கிறாள் பார், அதை நீ எங்கிருந்து எடுத்தாய் என்று எனக்குத் தெரியாதா?

குறையும் சொல்கிறேன், கேட்டுக்கொள். உன் கடைக்காரம்மா சீக்கிரம் விலையைக் குறைக்கிறாள். பாதி விலைக்குக் கேட்டதும் சரி என்கிறாள். எந்தக் கடைக்காரி அப்படிச் செய்வாள்? வந்தவர் படி இறங்க வேண்டும். முதல் படியில் நாம் துணியை மடிக்க வேண்டும், அவரைப் பார்க்கவே கூடாது. இரண்டாவது படியில் கால் வைக்கும்போதுதான் "இங்க வாங்க, என்ன குடுப்பீங்க?" என்று கூப்பிட வேண்டும். அப்புறம், உன் ஆட்கள் ரொம்பப் பேசுகிறார்கள். குளத்தங்கரையில் இருக்கிற ஆட்டோக்காரர் வழி சொல்வதற்கு முன்னால் தன் வாழ்க்கையையே சொல்லி முடித்துவிடுகிறார். சரி, அதை விட்டுவிடு, ஆட்டோக்காரர்கள் அப்படித்தான்.

உன் அப்பா கதை தனி. அவர் இன்னும் முதல் வீதியைத் தாண்டவில்லை. அங்கே ஒரு தையல்காரர் இருக்கிறார் இல்லையா, அவரிடம் ஃபால்ஸ் அடிக்கிற வேலை வாங்கலாம் என்று வைத்திருக்கிறாய். உன் அப்பா அந்த வேலையை வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஊர் வெளுத்துப்போனால் என்ன, மண்புழு வந்தால் என்ன, புடவை மேல் புடவையாகத் தைத்துக்கொண்டே இருக்கிறார்.

"ஏங்க, நாள் பூரா மிஷின்ல தைக்கது போதாதா? இதுலயுமா?"

"இதுல நூல் அறுந்துபோவ மாட்டேங்கு. நல்லா இருக்கு."

"கதை நகரணுமில்லா?"

"நீ நகத்து. நான் தச்சு முடிச்சுட்டு வாரேன்."

மயில்கழுத்து மாமி வருகிற இடத்தில்தான் நான் நாலு நாள் திண்டாடினேன். உன் விளையாட்டில் அந்த மண்புழுவைவிட அவர்தானே பெரிய எதிராளி! எந்தத் துணியைக் காட்டினாலும் "இது அது இல்லையே, ஆத்துல பாத்தா வேற மாதிரின்னா இருக்கும்" என்று தள்ளிவிடுகிறார். நம் கடைக்கு வருகிற அசல் மாமி பேசுவதை அப்படியே போட்டிருக்கிறாய். நிறத்தை நிறத்தோடு வைத்து வைத்துப் பார்த்துத் தோற்றுக்கொண்டே இருந்தேன். அப்புறம்தான் எனக்கே உறைத்தது, என்னுடைய கேள்வியையே என்னிடம் ஒளித்து வைத்து விளையாடுகிறாய் என்று. மயில்கழுத்துப் பட்டு வெயிலில் நீலம், நிழலில் பச்சை, டியூப்லைட்டில் இரண்டும் இல்லை. அதற்கு ஒரு துணி பொருந்தவே பொருந்தாது. நான் எப்போதும் என்ன கேட்பேன்? எந்த வெளிச்சத்துல கட்டப் போறீங்க? முகூர்த்தம் காலையிலயா, சாயந்திரம் ரிசப்ஷனா? அதைக் கேட்டுவிட்டுத்தான் துணிக் கட்டையே இறக்குவேன். இறக்கியதைத் தெருவுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் காட்டுவேன். விளையாட்டில் அந்தக் கேள்வியை அழுத்தியதும் மாமி சிரித்துவிட்டார், ஜெயித்தால் வருகிற பாட்டும் வந்தது.

நிஜ மாமி போன வாரம் வந்திருந்தார். "எம் பொண்ணு உங்கள வில்லியா போட்டிருக்கா மாமி" என்றேன். கொஞ்சமும் அசரவில்லை. "ஜெயிக்கறேனா தோக்கறேனா?" என்று கேட்டார். "தோக்கறீங்க. ஆனா லேசுல தோக்க மாட்டேங்கீங்க" என்றேன். "அப்ப சரி. உம் பொண்ணுக்கு விஷயம் தெரிஞ்சிருக்கு" என்று சொல்லிவிட்டு லைனிங்கைப் பிரித்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். இம்தியாஸ் முதல் தடவை காதில் மாட்டிக்கொண்டு சத்தம் பிடிக்கிற பெட்டியோடு வந்து நின்ற நாள் நினைவிருக்கும். அவன் அப்பா ராயப்பேட்டையில் ஆரி வேலைக்கு நம்மிடம்தான் துணி எடுக்கிறார், அதனால் துணிக்குத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்தேன்.

"ஆன்ட்டி, இப்போ கிழிச்சீங்களே, அத இன்னொரு தபா கிழிங்க."

"எத்தனை மீட்டர் வேணும்?"

"மீட்டர் வேணாம் ஆன்ட்டி. சத்தம் வேணும்."

"சத்தம் தனியா வராதுப்பா, துணியோடதான் வரும்."

"இன்னா ஆன்ட்டி, சத்தத்துக்கும் பில்லா?" என்று சிரித்துக்கொண்டே ஒரு பை நிறையக் கால் மீட்டர் கால் மீட்டராக வாங்கிக்கொண்டு போனான். பருத்தி கிழிகிற சத்தம் வேறு, டூ பை டூ கிழிகிற சத்தம் வேறு, பட்டு கிழியவே கிழியாது, கத்திரிதான் என்று அவனுக்கு நான் சொல்லிக் கொடுத்தேன். அதெல்லாம் போய் உன் விளையாட்டில் தாளமாக வரும் என்று தெரியாது. நம் ஷட்டர் ஏறுகிற சத்தத்தில் விடிகிறது. அப்பாவின் மிஷின் ஓடுகிற ஓட்டத்தில் அந்தப் பெண் நடக்கிறாள். துணி கிழிகிற இடத்தில் தாளம் விழுகிறது. அந்த நாசமாய்ப் போன தோண்டுகிற சத்தத்தைக்கூட அவன் விடவில்லை, மண்புழு வருகிறபோது அடியில் அதுதானே கேட்கிறது? கடைப் பாட்டு வந்தால் உன் அப்பா தைப்பதை நிறுத்திவிட்டுத் தலையை ஆட்டுகிறார். தன் மிஷின் என்று அவருக்கு இன்னும் தெரியாது. நானும் சொல்லவில்லை. தெரிந்தால் எண்ணெய் போட ஆரம்பித்துவிடுவார், சத்தம் மாறிவிடும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

உன் விளையாட்டுக்கு மூன்று முடிவு. முதல் பாதையில் அந்தப் பெண் ஊரிலேயே தங்கிக் கடையை எடுத்துக்கொள்கிறாள், எல்லா நிறமும் திரும்பி வந்துவிடுகிறது. பாட்டும் பிரமாதம். ஆனால் அவள் கல்லாவில் உட்கார்ந்திருக்கிற கடைசிப் படத்தில் நீ அவள் முதுகை வரைந்திருக்கிறாய். கதை முழுக்க அத்தனை பேர் முகத்தையும் அவ்வளவு அழகாக வரைந்தவளுக்கு அந்த இடத்தில் மட்டும் முகம் வரவில்லையா? இரண்டாவது பாதையில் அவள் ரயிலேறிப் போகிறாள். மறுநாள் கடைக்காரம்மா ஷட்டரைத் தூக்குகிறாள். யாரும் வரவில்லை. மத்தியானம் ஆகிறது, வரவில்லை. போணி ஆகாததால் நாள் விடியவே இல்லை. மிஷின் சத்தம் நின்றுவிடுகிறது, பாட்டு ஒவ்வொரு தாளமாக அடங்கி, ஷட்டர் இறங்குகிறது. மூன்றாவது பாதைக்குப் பூட்டுப் படம் போட்டு வைத்திருக்கிறாய். இன்னும் எழுதவில்லை என்று இம்தியாஸ் சொன்னான்.

அந்தக் காலி மத்தியானத்தைப் பார்த்ததும் எனக்கு அது எந்த நாள் என்று தெரிந்துவிட்டது. நீ பன்னிரண்டாவது படிக்கும்போது அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் ஆயிற்று. ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்ததில் கடை கொஞ்ச நாள் பூட்டியே கிடந்தது. திரும்பத் திறந்த அன்று காலையில் மந்தைவெளி வீட்டிலிருந்து நீயும் யூனிஃபார்மோடு என்னுடன் வந்தாய். பள்ளிக்கூடத்துக்கு நேரம் இருந்தது. மிஷின் மேல் துணி போட்டு மூடியிருந்தது. சந்தில் ஆள் போகிறார்கள், வருகிறார்கள், நம் படி ஏறவில்லை. நீ ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்து, மடித்து வைத்திருந்த நோட்டை எடுத்து நீட்டினாய்.

"அம்மா, அரை மீட்டர் குடு. நான் போணி பண்றேன்."

"வீட்டு ஆளு போணி பண்ணக் கூடாதுட்டி. உள்ள வை."

"ஏன்?"

"எடது கையில இருந்து வலது கைக்கு மாத்துனா அது யாவாரமா?"

"அப்போ யாருமே வராட்டி?"

"வராட்டி வராட்டி. ஒனக்கு பஸ்ஸு போயிரும், கெளம்பு."

நீ இரண்டு படியும் இறங்கினாய். சந்து முனையில் நின்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தாய். ரயில் வாசலில் நின்று அந்தப் பெண் திரும்பிப் பார்க்கிறாளே, அதே பார்வை. நீ பார்த்ததெல்லாம் அவ்வளவுதான்: மூடின மிஷின், காலிப் படி, முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு துணி மடிக்கிற அம்மா. அதற்கு மேல் நீ பார்க்கவில்லை. அதனால் உன் கதையும் அங்கேயே நின்றுவிட்டது.

அதற்கு அப்புறம் நடந்ததை இப்போது சொல்கிறேன். உன் பஸ் குளத்தைத் திரும்பியிருக்கும், அவ்வளவு நேரம்தான். மாமி வந்தார். ஒரு கையில் பை, இன்னொரு கையில் குடை. படியேறும்போதே சத்தம்.

"ஏம்மா, இத்தனை நாளா நீ பாட்டுக்குப் பூட்டிண்டு போயிட்டா நான் எந்தக் கடையில போய் நிக்கறது? வேற எவனுக்கு இந்தக் கலர் தெரியறது?"

பைக்குள் அந்த மயில்கழுத்துப் புடவை. அன்றைக்குக் கடையில் இருந்த அத்தனை துணிக் கட்டையையும் தெருவுக்குத் தூக்கிக்கொண்டு போய் வெயிலில் காட்டினேன். ஒன்றும் பிடிக்கவில்லை அவருக்கு. "பச்சை தூக்கலா இருக்கே", "இது நீலமா, இல்ல இங்க் கொட்டினதா" என்று தள்ளிக்கொண்டே இருந்தார். இரண்டு பொம்பளைகள் நடுத்தெருவில் பட்டைத் தூக்கிப் பிடித்துச் சண்டை போடுவதை வேடிக்கை பார்க்க ஆள் கூடியது. வேடிக்கை பார்க்க வந்தவர்களில் சிலர் அப்படியே கடைக்குள் நுழைந்துவிட்டார்கள். கடைசியில் மாமி ஒன்றை எடுத்தார், நான் முதலில் காட்டியதைத்தான். காசைக் கண்ணில் ஒற்றிக் கத்திரிமேல் வைத்தேன். ஃபால்ஸும் வேண்டும் என்றார். "அவரு கண்ணு சரியாகி வரணும் மாமி. வேற கடையில குடுத்துருங்க" என்றேன். "அவர் வரட்டும். கல்யாணம் தை மாசம்தானே, எனக்கென்ன அவசரம்?" என்று புடவையை மிஷின் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். உன் அப்பா திரும்ப வந்து முதலில் தைத்தது அந்தப் புடவையைத்தான்.

உன்னிடம் நான் இதைச் சொல்லவே இல்லை. சாயந்திரம் நீ நேரே டியூஷன் போய்விட்டாய், நான் வீடு வந்தபோது தூங்கியிருந்தாய். போணி ஆனதை யார் வீட்டில் வந்து சொல்வார்கள், ஆகாததைத்தான் சொல்வார்கள். நீயும் கேட்கவில்லை. கேட்கப் பயந்திருப்பாய் என்று இப்போது தோன்றுகிறது. இத்தனை வருஷமாக நீ அந்த நாளின் பாதியை மட்டும் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறாய். மறு பாதி இதுதான், கோமு. நீ போன பிறகுதான் போணி ஆயிற்று.

நீ இல்லாவிட்டால் எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று பொய் சொல்ல மாட்டேன். தெரியும். ஞாயிற்றுக்கிழமை நீ வராவிட்டால் உன் அப்பா சாப்பாட்டில் உப்பு இல்லை என்பார், இருந்தாலும் இல்லை என்பார். ஆனால் அது கடை மூடுகிற கஷ்டம் இல்லை. நான் இருபது வயசில் கணவன் கையைப் பிடித்துக்கொண்டு நெல்லை எக்ஸ்பிரஸில் எழும்பூரில் வந்து இறங்கியபோது என் அம்மாவுக்கும் அப்படித்தான் உப்பு இல்லாமல் போயிருக்கும். அவள் என்னைத் தடுக்கவில்லை. ஊறுகாய் ஜாடியை இறுகக் கட்டிக் கொடுத்தாள், அவ்வளவுதான்.

அதனால் பதில் போடு. போடுவதற்கு முன் கொஞ்சம் தொழில் பேசிக்கொள்வோம். அவர்கள் முதலில் சொல்வதற்குத் தலையாட்டாதே. ஒரு படி இறங்கு. இரண்டாவது படியில் கூப்பிடுவார்கள். கூப்பிடாவிட்டால் நீயே திரும்பிப் போய்க் கேள், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை, எத்தனையோ தடவை எனக்கு அப்படி வியாபாரம் படிந்திருக்கிறது. இம்தியாஸுக்கு என்ன என்பதை உனக்கு என்ன என்பதற்கு முன்னால் பேசி முடி. அவன் வாயைத் திறக்க மாட்டான், அவன் இல்லாமல் உன் ஊர் ஊமை. அங்கே குளிர்காலத்தில் மூன்று மணிக்கே இருட்டிவிடுமாம். ஜன்னல் இருக்கிற அறையாகக் கேட்டு வாங்கு. நம் ஊர் நிறங்களை விளக்கு வெளிச்சத்தில் பார்த்துவிட்டு வெளுத்துப்போய்விட்டது என்று முடிவு கட்டாதே. மறுநாள் வெயில் வரும்வரை பொறு. முதல் பாதையில் அந்த முதுகைத் திருப்பி முகத்தை வரை. உனக்குப் பொய்யில்லாமல் வரைய வந்தால் வரை, வராவிட்டால் அந்தப் பாதையையே எடுத்துவிடு. இரண்டாவது பாதையில் ஷட்டரை இறக்காதே. மாமியைக் குடையோடு அனுப்பு.

பூட்டி வைத்திருக்கிறாயே, அந்த மூன்றாவது பாதையை எப்படி எழுதுவது என்று உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஊருக்குக் கிளம்புகிற அன்று காலையில் கடைக்கு வா. மகளாக வீட்டிலிருந்து என்கூட வராதே. அப்பாவும் நானும் முன்னால் வந்து ஷட்டரைத் தூக்கி, சாமி கும்பிட்டுவிட்டு உட்கார்ந்திருப்போம். நீ மாட வீதி வழியாகச் சுற்றிக்கொண்டு, முதல் ஆளாகப் படியேறி வா. அன்றைக்கு நீ வெளியூர்க்காரி, போணி பண்ணலாம். மயில்கழுத்தில் ஒரு ப்ளவுஸ் பிட் கேள். நன்றாகப் பேரம் பேசு. பேசாமல் காசை நீட்டினால் நான் கத்திரியையே எடுக்க மாட்டேன். இரண்டு படியும் இறங்கு, நான் கூப்பிடுவேன். நீ கொடுக்கிறதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். அப்பா மிஷினை ஓட்டிக்கொண்டே இருப்பார், நிறுத்தக் கூடாது என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

துணியை இறக்குவதற்கு முன்னால் எல்லோரிடமும் கேட்கிற அதே கேள்வியைத்தான் உன்னிடமும் கேட்பேன். எந்த வெளிச்சத்துல போட்டுக்கப் போறீங்க? பதிலை யோசித்துவைத்துக்கொண்டு வா.

அம்மா